டேங்க் என்பது ஏரியா, தொட்டியா? கட்டடத் தகவலையும் நிலத் தகவலையும் இணைப்பது குறித்து

2021ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் சித்தூர், திருப்பதிப் பகுதியிலும் அதன் எல்லையிலும் நிகழ்ந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபரில் ஒரு மழை இரவில், திருப்பதி நகரின் ரயில்வே கீழ்ப்பாலம் ஒன்றில் தேங்கிய நீரில் வாகனம் சிக்கி, வெளியூரிலிருந்து வந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். நவம்பரில் பெய்த பெருமழையில் திருமலையின் மலைச்சாலைகள் மூடப்பட்டன. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை கடுமையாகச் சேதமடைந்து, மீண்டும் திறக்கப் பல மாதங்கள் ஆயின. அதே மழையில் இராமச்சந்திராபுரம் மண்டலத்திலுள்ள ராயலசெருவின் கரையில் கசிவு ஏற்பட, கரைக்குக் கீழுள்ள ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். டிசம்பரில், திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் இடையே பொன்னையாற்றின் மேலுள்ள ரயில் பாலத்தில் பழுது கண்டறியப்பட்டு, சென்னை–காட்பாடித் தடத்தில் பல ரயில்கள் நிறுத்தப்பட்டன. அந்தப் பாலம் இருப்பது தமிழ்நாட்டில். அதன் தூண்களில் மோதிய நீரில் பெரும்பகுதி திரண்டது சித்தூர் மாவட்டத்தில்.

செய்தித்தாள்களில் இவை நான்கு தனிச் செய்திகள். ஆனால் நான்கிலும் அமைப்பு ஒன்றே: மனிதர் கட்டிய ஒரு பொருள், அதை நோக்கி நிலம் அனுப்பிய நீர். கட்டிய பொருளின் வரைபடம் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. நிலத்தின் வரைபடம் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இன்ன அளவு மழை பெய்தால் இந்தக் கீழ்ப்பாலத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்ற எளிய கேள்விக்கு விடை காண இரண்டு வரைபடங்களும் ஒரே மேசைக்கு வர வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் இந்த இழப்புகள் நேர்ந்திருக்காது என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. சேராத வரையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.

இவ்விரண்டையும் சேர்க்கும் முயற்சிக்கு இன்று பொறியியல் துறைகளில் பெரும் வரவேற்பு உள்ளது. ஒரு பக்கம், பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம். இது வெறும் முப்பரிமாணப் படம் அன்று. ஒவ்வொரு தூணும் தன் பொருள், அளவு, விலை, கட்டப்படும் நாள் ஆகியவற்றைத் தன்னுடன் சுமந்து நிற்கும் தரவுத்தளம். மறுபக்கம், ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு. நிலத்தின் சரிவு, மண், ஓடை, சாலை, உரிமை எல்லை ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து வினவ உதவுவது. முன்னது ஒரு கட்டடத்தின் உள்ளே ஆணி வரை அறியும். ஆனால் வாசலுக்கு வெளியே அதற்கு உலகம் இல்லை. பின்னது மாவட்டம் முழுவதையும் காணும். ஆனால் கட்டடம் அதற்கு ஒரு பெட்டி.

பிறப்பிலேயே இவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஜிஐஎஸ், 1960களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கிட ரோஜர் டாம்லின்சன் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது. பிம், 1970களில் சார்லஸ் ஈஸ்ட்மன் முன்வைத்த கட்டட விவரிப்பு முறையை முன்னோடியாகக் கொண்டது. கட்டடத் துறையின் பொது வடிவமான ஐஎஃப்சி 1997இல் முதன்முதலாக வெளிவந்து, 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரநிலையானது. நகரங்களை முப்பரிமாணத்தில் விவரிக்கும் சிட்டிஜிஎம்எல் 2008இல் ஓஜிசி அமைப்பின் தரநிலையானது. முன்னதை ஆக்கியோர் கட்டுநர்கள். பின்னதை ஆக்கியோர் நிலவரைவாளர்கள். இரு சாராரும் ஒரே சுவரைப் பார்த்தனர். ஒரே பொருளைப் பார்க்கவில்லை.

ஐஎஃப்சியில் சுவர் என்பது கனமுள்ள திண்மப் பொருள். செங்கல், பூச்சு என அடுக்குகள் கொண்டது. குறிப்பிட்ட ஒரு தளத்துக்கு உரியது. சிட்டிஜிஎம்எல் வடிவில் சுவர் என்பது ஒரு பரப்பு. வெளியிலிருந்து காணும் முகம் ஒன்று, உள்ளிருந்து காணும் முகம் வேறொன்று. மூன்று மாடி வீட்டின் ஒரு பக்கம், ஜிஐஎஸ்ஸுக்கு ஒரே முகம். பிம்முக்கு மூன்று சுவர்கள். முன்னதிலிருந்து பின்னதற்கு மாற்றும்போது சுவரின் கனமும் அடுக்கும் உதிர்ந்துவிடும். திரும்ப மாற்றினால் உதிர்ந்தவை வந்து ஒட்டிக்கொள்ளா. எல்ஓடி என்ற சுருக்கெழுத்தும் இப்படியே. சிட்டிஜிஎம்எல்லில் அது வடிவ விவரிப்பின் நுணுக்கத்தைக் குறிக்கும். 0 முதல் எண்ணப்படும். பிம்மில் அது வடிவமைப்பின் முதிர்ச்சியைக் குறிக்கும். 100 முதல் 500 வரை எண்ணப்படும். ஒப்பந்தத்தில் எல்ஓடி என்று மட்டும் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டால், இருவரும் வெவ்வேறு வாக்குறுதிகளை அளித்திருப்பர்.

மொழியியல் பயின்றோருக்கு இது பழகிய சிக்கல். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. தெலுங்கிலும் 'மனமு' வேறு, 'மேமு' வேறு. கேட்பவரையும் உள்ளடக்கிச் சொல்வதா, விலக்கிச் சொல்வதா என்ற வேறுபாட்டை இரு மொழிகளும் பேணுகின்றன. ஆனால் தெலுங்கு வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தால், இருபுறமும் உயிரோடிருந்த வேறுபாடு இடைவழியில் இறந்துவிடுகிறது. மூலம் எழுதியவருக்கும் இறுதியில் படிப்பவருக்கும் தெரிந்த ஒன்று, இருவருக்கும் இடையில் நின்ற மொழிக்குத் தெரியவில்லை என்பதால் தொலைகிறது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நீர்நிலைகளுக்கு நேர்வது சரியாக இதுவே. பாசனத் துறையின் ஆங்கிலப் பதிவுகளில் ஏரி என்பது 'டேங்க்'. ராயலசெருவும் டேங்க், ஒரு சிற்றூரின் குளமும் டேங்க். ஆங்கிலேயர் காலம் முதல் இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய பொருள் அது. ஐஎஃப்சியிலும் ஐஎஃப்சிடேங்க் என்று ஒரு வகை உண்டு. அது குழாய்களோடு இணைந்த நீர்மத் தொட்டி. மொட்டைமாடியில் இருப்பது போன்றது. பெயரை வைத்துப் பொருத்தும் எந்த மென்பொருளும், விசயநகரக் காலத்தது எனப் போற்றப்படும் ராயலசெருவை ஒரு தொட்டியாகக் கருத இடமுண்டு. தெலுங்கு பேசும் பொறியாளருக்குச் செருவும் தொட்டியும் வேறு. தமிழ் பேசும் பொறியாளருக்கு ஏரியும் தொட்டியும் வேறு. இடையில் நிற்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் இரண்டும் ஒன்று.

ஏரியோடு முடிவதில்லை. ஏரியின் உபரி நீர் வழியும் அமைப்பைத் தமிழில் கலிங்கு என்பர். தெலுங்கில் அலுகு என்றும் நெல்லூர்ப் பக்கம் கலுஜு என்றும் வழங்குவர். நீரைத் திறந்துவிடும் மதகு, தெலுங்கில் தூமு. ஓர் ஏரியின் பாதுகாப்பு முழுவதும் இவ்விரண்டின் அளவையும் மட்டத்தையும் பொறுத்தது. கலிங்கு தாங்காத நீர் கரையைத் தாண்டும். கரையைத் தாண்டிய நீர் கரையை அறுக்கும். கட்டடத் தரநிலையின் சொற்பட்டியலில் கதவுக்கும் கைப்பிடிக்கும் தனிப்பெயர் உண்டு. கலிங்குக்கு அவ்வாறு ஒரு பெயர் இல்லை. வகை தெரியாத பொருள்கள் அங்கே 'பிராக்ஸி' என்ற பொதுக் கூடைக்குள் தள்ளப்படும். பெயரற்ற பொருளைப் பின்னர் எந்த வினவலாலும் தேடி எடுக்க இயலாது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் முதலில் தேட வேண்டிய பொருளே கூடையின் அடியில் கிடக்கும்.

இடப்பெயர்களின் நிலையும் இதுதான். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வரும் கொசஸ்தலை ஆறு, ஆந்திரப் பகுதியில் குசஸ்தலி. பழைய ஆங்கிலப் பதிவுகளில் கொற்றலையாறு. பொன்னை, ஆங்கில ஆவணங்களில் 'பாய்னி'. மூன்று அலுவலகங்களின் தரவை ஒன்றாகக் கொட்டினால் ஒரே ஆறு மூன்று ஆறுகளாகும். ஆற்றின் பெயர் எல்லையில் மாறுவது இயல்பு; மக்கள் அதை அறிவர். தரவுத்தளத்துக்கு யாரேனும் அதைச் சொல்ல வேண்டும்.

எல்லைகளும் நிலையாக நின்றதில்லை. 1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாகச் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022 ஏப்ரலில் சித்தூரையும் நெல்லூரையும் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கோப்புகள் இடம் மாறின. நீர் மட்டும் பழைய வழியிலேயே ஓடுகிறது. சித்தூர் நகரினூடே வரும் நீவா நதி பொன்னையில் கலக்கிறது. பொன்னை பாலாற்றில் கலக்கிறது. மாவட்ட எல்லையில் வெட்டப்பட்ட தரவு, இந்த ஓட்டத்தில் பாதியை மட்டுமே அறியும்.

அடுத்தது அளவை. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையின் வழியில், இந்திய நிலப்படங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டன. இன்றைய செயற்கைக்கோள் கருவிகள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கோளத்தைக் கொள்கின்றன. பழைய படத்தின் ஆயத்தொலைகளை மாற்றாமல் புதிய படத்தில் இட்டால், இப்பகுதியில் ஒரு பாலம் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும்.

உயரத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். கட்டட வரைபடத்தில் தரைத்தளமே பூச்சியம். ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் உள்ளது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். செயற்கைக்கோள் கருவி தருவது நீள்கோளத்திலிருந்து கணக்கிட்ட உயரம். தென்னிந்தியாவில் இவ்விரு தளங்களுக்கும் இடைவெளி மிகப் பெரிது. திருப்பதிப் பகுதியில் அது 80 மீட்டருக்கும் மேல். கடல் மட்டத்திலிருந்து 160 மீட்டர் உயரமுள்ள ஓரிடத்தைத் திருத்தம் செய்யாத கருவி 80 மீட்டருக்கும் குறைவாகவே காட்டும். ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுள்ள திருமலையில், நிலத்தில் அளந்த ஒரு கிலோமீட்டர், வரைபடக் கட்டத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும்.

80 மீட்டர்ப் பிழையை எவரும் கண்டுகொள்வர். பாலம் வானில் மிதக்கும் அல்லது மண்ணில் புதையும். உயிருக்கு ஆபத்தானது 30 சென்டிமீட்டர்ப் பிழை. அது திரையில் தெரியாது, நீருக்குத் தெரியும். கீழ்ப்பாலத்தின் வடிகால் வாய், அருகிலுள்ள ஓடையின் மட்டத்தைவிட உயரமா, தாழ்வா என்பதை முடிவு செய்வது அந்த 30 சென்டிமீட்டரே.

இத்தகைய வாதங்களுக்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக வருகின்றன. முதலாவது, மென்பொருள் நிறுவனங்கள் இதை முன்பே தீர்த்துவிட்டன என்பது. ஆட்டோடெஸ்க், எஸ்ரி ஆகிய இரு பெரும் நிறுவனங்கள் 2017இல் கூட்டு அறிவித்தன; ஒன்றின் கோப்பை மற்றொன்றில் இன்று திறக்க முடிகிறது. உண்மை. ஆனால் கோப்பு திறப்பது வேறு, பொருள் விளங்குவது வேறு. தெலுங்கு எழுத்தைக் கற்றவுடன் தெலுங்கு நூல் விளங்கிவிடுவதில்லை. ஐஎஃப்சி 4 முதல் ஐஎஃப்சிமேப்கன்வர்ஷன் என்ற பகுதி உண்டு. கட்டடத்தின் உள் ஆயங்களை நிலத்தின் ஆயங்களோடு பிணைக்க அது போதும். 2024இல் ஐஎஸ்ஓ தரநிலையான ஐஎஃப்சி 4.3 பாலம், சாலை, இருப்புப்பாதை ஆகியவற்றையும் விவரிக்கிறது. இரு உலகங்களுக்கும் இடையிலான பொருத்தத்துக்கென ஐஎஸ்ஓ 19166 என்ற தொழில்நுட்ப ஆவணம் 2021இல் வந்தது. கருவிகள் இருக்கின்றன. அவற்றை நிரப்ப வேண்டிய மூன்று எண்களையும் நான்கு சொற்களையும் யார் தருவது என்பதே கேள்வி.

இரண்டாவது மறுப்பு, சிங்கப்பூரைப் பார் என்பது. 2014இல் அறிவிக்கப்பட்ட 'விர்ச்சுவல் சிங்கப்பூர்' திட்டம் நாடு முழுவதையும் முப்பரிமாண மாதிரியாக்கியது. அதைத் திருப்பதியிலும் செய்யலாம் என்று கருத்தரங்குகளில் முழங்குவோர் ஒன்றை மறக்கின்றனர். சிங்கப்பூரில் நில அளவைக்கு எஸ்விஒய்21 என்ற ஒரே ஆயத்தொலை முறை உண்டு. உயரத்துக்கும் ஒரே அடிமட்டம் உண்டு. அங்கே மாதிரி பின்னர் வந்தது. உடன்பாடு முன்னரே இருந்தது. உடன்பாட்டை விட்டுவிட்டு மாதிரியை மட்டும் வாங்கினால், கிடைப்பது கண்காட்சியில் சுழற்றிக் காட்ட உதவும் படம்.

நகரம் முழுவதையும் இரட்டிக்கும் பெருந்திட்டம் திருப்பதிக்கு இப்போது தேவையில்லை. நீரும் கட்டுமானமும் சந்திக்கும் இடங்களிலிருந்து தொடங்குவதே முறை: சிறுபாலங்கள், கீழ்ப்பாலங்கள், மதகுகள், கலிங்குகள், ஆற்றுப் பாலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு செய்திகள் போதும். எங்கே இருக்கிறது, எந்தக் கோளத்தில் அளக்கப்பட்டது, அடிமட்டத்தின் உயரம் எவ்வளவு, அது எந்த மட்டத்திலிருந்து, நீர் போகும் வாயின் அகலமும் உயரமும், பராமரிப்பவர் யார், தெலுங்கிலும் தமிழிலும் அதன் பெயர் என்ன. ஆந்திர அரசு 2020 டிசம்பரில் தொடங்கிய நில மறு அளவையில் டிரோன்களும் நிலையான செயற்கைக்கோள் அளவை நிலையங்களும் பயன்படுத்தப்பட்டன. அந்த அடித்தளத்தின் மேல் இதைச் செய்வது பெருஞ்செலவு ஆகாது.

புதிய கட்டுமானங்களுக்கு நிபந்தனை எளிது. 2023 செப்டம்பரில் திறப்பு விழா கண்ட ஸ்ரீநிவாச சேது போன்ற மேம்பாலம் ஒன்று நகருக்குள் எழும்போது, அதன் ஒவ்வொரு தூணும் மழைநீரின் வழியில் ஒரு புதிய பொருள். அதன் மேற்பரப்பில் விழும் மழை முழுவதும் சில குழாய்களின் வழியே கீழே இறங்கும். இனி வரும் ஒப்பந்தங்களில், கட்டி முடித்த நிலையின் மாதிரி, உண்மையான ஆயத்தொலைகளோடும் கடல் மட்ட உயரத்தோடும், திறந்த வடிவத்தில் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற ஒரு விதி சேர்க்கப்பட வேண்டும். பாதுகாப்புக் காரணத்தால் மறைக்க வேண்டிய உள்விவரங்கள் இருப்பின் மறைக்கலாம். வடிகால் வாயின் மட்டத்தை மறைப்பதால் எவருக்கும் பாதுகாப்பு இல்லை.

சொற்களின் பொறுப்பு கல்வி நிறுவனங்களுடையது. இவ்வட்டாரம் அதில் பேறு பெற்றது. ஏர்ப்பேட்டில் ஐஐடி திருப்பதி இருக்கிறது. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் நகரிலேயே இருக்கிறது. காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டமைப்பை அறிந்தோர், மழையை அறிந்தோர், தெலுங்கையும் தமிழையும் கன்னடத்தையும் ஒப்பிட்டு அறிந்தோர் ஆகிய மூவகையினரும் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றனர். நீர்நிலைக் கட்டுமானச் சொற்களுக்கு ஒரு மும்மொழி அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஐஎஃப்சியிலும் சிட்டிஜிஎம்எல்லிலும் உரிய வகை அல்லது வகை இல்லை என்ற குறிப்பு. இது ஒரு முனைவர் பட்ட ஆய்வின் அளவுள்ள வேலை. தரவு நூலகத்தில் கிடைக்காது. மதகைத் திறந்து மூடும் பணியாளர்களிடமே கிடைக்கும். தமிழகத்தில் நீர்க்கட்டி, மடையர் என்றெல்லாம் அழைக்கப்பட்டவர்களும் ஆந்திரத்தில் அவர்களுக்கு நிகரானவர்களும் தலைமுறையாகக் காத்த சொற்கள் அவை. அவர்களில் பலர் முதியவர்கள் என்பதால் காலமும் குறைவு.

பொறியியல் துறையினர் இதைக் கலைப்புலத்தின் வேலை என்று ஒதுக்கக் கூடும். மொழித் துறையினர் இதைக் கணினியின் வேலை என்று ஒதுக்கக் கூடும். இரு தரப்பின் ஒதுக்கலுக்கும் இடையில்தான் ஏரி தொட்டியாகிறது. ராயலசெருவின் கலிங்கு எந்த மட்டத்தில் வழியும், அந்த நீர் எந்தச் சிறுபாலத்தின் வழியே எந்த ஊருக்குள் நுழையும் என்பதை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரே திரையில், பிழையற்ற பெயரோடும் பிழையற்ற உயரத்தோடும் காண முடிந்தால், பிம்மும் ஜிஐஎஸ்ஸும் இணைந்துவிட்டன எனக் கொள்ளலாம். அதுவரை இணைந்திருப்பவை மென்பொருள்கள் மட்டுமே.